இத்தாலியில் ஒரு வாரம் சமையல் கற்க எங்கே போகலாம்?

கேள்வி: எனக்கு 54 வயது. வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றுவிட்டேன். இத்தாலியில் ஒரு வாரம் தங்கி, என் கையால் செய்து சமையல் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தங்கையும் கூட வருகிறாள். அவளுக்குச் சமையலில் நாட்டமில்லை, ஊர் சுற்றினால் போதும். நான் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டேன். டஸ்கனியில் திராட்சைத் தோட்டத்து மாளிகை ஒன்று, பொலோன்யாவில் பாஸ்தா பள்ளி ஒன்று, தெற்கே லெச்சேயில் ஒரு சின்னப் பள்ளி. மூன்றின் விவரமும் அனுப்பியிருக்கிறேன். எதற்குப் பணம் கட்டலாம்?
– வாசகி, மதுரை

பதில்: லெச்சேக்குப் போங்கள். மூன்றில் உங்கள் கைக்கும் வயிற்றுக்கும் ஒத்துவருவது அதுதான். காரணம் சொல்கிறேன்.

பொலோன்யாவின் பெருமையே முட்டை மாவுதான். 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் ஒரு சொட்டுக் கிடையாது. அதைப் பிசைந்து, ஒரு மீட்டர் நீளமுள்ள கட்டையால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக்குவார்கள். மாவுக்கு ஊடே மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோயில் தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. அந்த ஊர்த் தொர்தெல்லீனி என்ற குட்டிப் பாஸ்தாவுக்குள் வைக்கும் பூரணமோ பன்றி இறைச்சி. அருமையான ஊர், அருமையான கலை. ஆனால் அங்கே நீங்கள் செய்வது எதையும் உங்களால் வாயில் வைக்க முடியாது. ருசி பார்க்காமல் உப்பும் பதமும் எப்படிக் கைக்கு வரும்? முட்டை சாப்பிடுகிற தோழி யாராவது கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு பொலோன்யாவைத்தான் சொல்வேன்.

டஸ்கனி மாளிகையின் நிகழ்ச்சி நிரலை இரண்டு முறை படித்தேன். 6 இரவுகளில் சமையல் 3 முற்பகல் மட்டும். மற்றதெல்லாம் ஒயின் சுவைப்பது, சியெனா போவது, நீச்சல் குளம். கட்டணத்தில் பெரும்பங்கு அந்த மாளிகைக்கும் குளத்துக்கும் போகிறது. போதாததற்கு, கார் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாத இடம். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது உங்கள் தங்கை என்ன செய்வார்?

லெச்சே இருப்பது புல்யா மாநிலத்தில், இத்தாலி என்ற பூட்சின் குதிகாலில். பழைய நகரம் முழுக்கத் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள், நடந்தே பார்க்கலாம். தங்கை ரயிலேறி அதே மாநிலத்துப் பாரி நகருக்கும் போய் வரலாம். அங்கே பழைய ஊரில் ஆர்கோ பாஸோ தெருவில் பெண்கள் வாசலில் மேசை போட்டு ஒரெக்கியெத்தே என்ற காது வடிவப் பாஸ்தாவைச் செய்து, வலை அடித்த மரச்சட்டங்களில் காயப்போட்டிருப்பார்கள். அந்தப் பாஸ்தாதான் நீங்கள் கற்கப் போவதும்.

அதற்கு வேண்டியது டியூரம் கோதுமை ரவையை மறுபடி நைசாக அரைத்த மாவும் வெதுவெதுப்பான தண்ணீரும் மட்டுமே. முட்டையே இல்லை. மாவை விரல் கனத்துக்குக் கயிறாக உருட்டி, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, மழுங்கிய சாப்பாட்டுக் கத்தியால் ஒவ்வொன்றையும் பலகையோடு அழுத்தித் தன் பக்கம் இழுக்க வேண்டும். மாவு கத்தியின்மேல் சுருண்டுகொள்ளும். அதைக் கட்டைவிரல் நுனியில் மாட்டி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பினால் சொரசொரப்பான குட்டிக் காது தயார். எனக்கு முதல் முப்பது காதுகள் பிய்ந்துபோயின. சொல்லிக்கொடுத்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துக் காட்டினார்; அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது. சீடை உருட்டிய கை உங்களுடையது, எனக்குக் கவலையே இல்லை.

அந்தப் பக்கத்துச் சமையலே ஏழை உழவர்களின் பருப்பும் கீரையும்தான். தோல் நீக்கிய உலர்ந்த ஃபாவா பயற்றைக் குழைய வேகவைத்துக் கடைந்து, பக்கத்தில் வேகவைத்த கசப்புக் கீரையை வைத்து, மேலே பச்சை ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். சீச்செரி எ த்ரியா என்று லெச்சேக்கே உரிய ஒன்று உண்டு: கொண்டைக்கடலையோடு பாஸ்தா, அதில் ஒரு பங்கை மட்டும் எண்ணெயில் பொரித்து மேலே போடுவது. மெத்தென்றும் மொறுமொறுவென்றும் ஒரே வாயில். அதைக் கட்டாயம் கற்றுக்கொண்டு வாருங்கள்.

ஆனால் சைவம் என்ற சொல்லை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். டர்னிப் கீரை போட்ட ஒரெக்கியெத்தேவில் நெத்திலி மீனைக் கரைத்துவிடுவது வழக்கம், கண்ணுக்கே தெரியாது. பார்மிஜானோ சீஸில் பாலை உறையவைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருள். பெகோரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. இங்கே பலருக்கு இது தெரியாது. "மீன், இறைச்சி, முட்டை, விலங்கு உறைபொருள் சேர்ந்த சீஸ் எதுவும் வேண்டாம்" என்று பிரித்துப் பிரித்து எழுதிக் கேளுங்கள். பள்ளி சொல்லும் பதிலின் தொனியிலேயே எவ்வளவு அக்கறை என்று தெரிந்துவிடும்.

பணம் கட்டுமுன் இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் தனிப் பலகையும் தனி மாவும் உண்டா? இதைக் கேட்காமல் வடக்கே ஒரு பள்ளிக்குப் போய் நான் ஏமாந்திருக்கிறேன். ஹேண்ட்ஸ்-ஆன் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். போனால் 18 பேர், இரண்டு மேசை. சமையல்காரர் பிசைந்தார், நாங்கள் போட்டோ எடுத்தோம். என் பங்குக்கு வந்தது துளசி இலை கிள்ளும் வேலை. எட்டுப் பேருக்கு மேல் என்றால் வேண்டாம். மாவைப் பிசைவது நீங்களா, முன்பே பிசைந்து வைத்திருப்பார்களா என்றும் கேளுங்கள். பாதிப் பாடம் பிசைவதில்தான் இருக்கிறது.

எப்போது போவது? ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். வெயில், கூட்டம், 15-ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையையொட்டிப் பல கடைகள் பூட்டியிருக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் நல்லது. ஆலிவ் பறித்து எண்ணெய் ஆட்டுகிற காலம், புது எண்ணெய் தொண்டையில் மிளகு மாதிரி காரும். டர்னிப் கீரையும் சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கும். தீபாவளியைப் பார்த்துக்கொண்டு தேதி வையுங்கள்.

இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விசா கைக்கு வருமுன் பள்ளிக்கு முழுப் பணமும் கட்டாதீர்கள். விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். தங்கைக்குப் பாதிக் கட்டணத்தில் சாப்பாடு மட்டும் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், திரும்பும்போது அந்த மாவு இரண்டு கிலோ வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பையில் 'ரிமாச்சினாத்தா' என்று போட்டிருக்க வேண்டும். மறுபடி அரைத்தது என்று பொருள். நம் உப்புமா ரவையில் அந்த இழுவை வராது. வந்த வாரமே, கை மறப்பதற்குள், ஒரு முறை செய்துவிடுங்கள்.