மிதந்து போனவர்களா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பாலினீசியர்கள் திட்டமிட்டுக் கடல் கடந்து பசிபிக் தீவுகளில் குடியேறினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் தென் அமெரிக்காவிலிருந்து மிதந்து வந்தவர்கள், கோன்-டிக்கி பயணமே அதற்குச் சாட்சி என்றுதான் பள்ளியில் படித்தேன். திசைகாட்டியும் எழுத்தும் இல்லாதவர்களால் அவ்வளவு தூரம் குறிபார்த்துப் போக முடியுமா?

ரா., தேனி

அன்புள்ள ரா.,

1947இல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டாலும் ஐந்து பேரும் கோன்-டிக்கி என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து கிளம்பி, 101 நாளில் பாலினீசியாவின் ரரோயா பவளத்திட்டில் போய் மோதினார்கள். துணிச்சல்தான், மறுக்கவில்லை. (ஆனால் கரையிலிருந்து சுமார் 50 மைல் வரை இழுவைக் கப்பல் இழுத்துப்போய் விட்டது.) பால்சா என்ற லேசான மரத்தாலான கட்டுமரம் அத்தனை நாள் தாங்கும் என்பதற்குத்தான் அது சாட்சி. குடியேறியது யார் என்பதற்கு அல்ல. பாலினீசியர்களின் பன்றி, கோழி, சேம்பு, சீமைப்பலா எல்லாமே மேற்கிலிருந்து வந்தவை. மீன்பிடிக்கப் போய்த் திசைதப்பியவன் படகில் சீமைப்பலாக் கன்று எதற்கு இருக்கப்போகிறது?

அங்கே காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து அடிக்கும், எதிர்க்காற்றில் எப்படிப் போவார்கள் என்பது பழைய வாதம். தென்கோடைக் காலத்தில் அவ்வப்போது மேற்குக்காற்று எழும். அதைப் பிடித்துக் கிழக்கே ஏறலாம். தீவு அகப்படாவிட்டால் வழக்கமான காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். முன்பின் தெரியாத கடலில் இதைவிடப் பத்திரமான திசை உண்டா?

1976இல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு ஒரு கருவியும் இல்லாமல் வழிநடத்தியவர், மைக்ரோனீசியாவில் உள்ள சடவால் தீவின் மாவ் பியாய்லுக். எந்த நட்சத்திரம் தொடுவானில் எங்கே எழும், எங்கே விழும் என்பது அவருக்கு மனப்பாடம். மேகம் மூடினால், எந்தத் திசை அலை படகை எப்படி உருட்டுகிறது என்று உடம்பாலேயே கணிப்பார். சுமார் ஒரு மாதம் கழித்து வெள்ளை ஆலாப் பறவைகள் கண்ணில் பட்டன. அவை காலையில் இரைதேடக் கடலுக்குப் போய், அந்தியில் கரைக்குத் திரும்புகிறவை. அடுத்து தாஹிட்டிக்கு வடக்கே உள்ள மாடாய்வா தீவு தெரிந்தது.

இதற்கெல்லாம் 1976 வரை காத்திருக்கத் தேவையே இல்லை. 1769இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலிலேயே, தாஹிட்டிக்கு அருகிலுள்ள ராயட்டேயா தீவைச் சேர்ந்த துபையா என்ற வழிகாட்டி ஏறியிருந்தார். 70க்கும் மேற்பட்ட தீவுகளைக் காட்டும் அவருடைய வரைபடத்தின் நகல் இன்றும் இருக்கிறது. பின்னால் வந்த அறிஞர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஹெயர்டாலுக்கும் ஒரு பங்கு உண்டு. தென் அமெரிக்கச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பாலினீசியாவில் விளைந்தது. 1200 வாக்கிலேயே இரு மக்களும் கலந்ததை 2020இல் ஒரு மரபணு ஆய்வும் காட்டியது. யார் யாரிடம் போனார்கள் என்ற வாதம் மட்டும் ஓயவில்லை. என் ஓட்டு பாலினீசியப் படகுக்குத்தான்.