சுட்டுக் கொன்றது சட்டப்படி சரியா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கூடலூர் வாசகர்: நாடுகாணி இறங்கினால் எங்களுக்கு நிலம்பூர். அங்கே கருளாய் காட்டில் 2016-ல் மாவோயிஸ்ட்கள் இருவரைச் சுட்டார்கள். ‘அவர்கள் சுட்டார்கள், திருப்பிச் சுட்டோம்’ என்று போலீஸ் சொல்லிவிட்டால் கேஸ் முடிந்ததா?

முடியாது. எந்த என்கவுன்டரிலும் கேஸ் அங்கேதான் ஆரம்பம். என்கவுன்டருக்கென்று நம் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே தற்காப்பு உரிமைதான் காவலருக்கும். கைது செய்யப் போன இடத்தில் எதிர்த்தால் பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் தூக்கோ ஆயுளோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாதவரின் உயிரை எடுக்கக் கைதுப் பிரிவு இடம் தரவில்லை.

2014-ல் ஒரு மகாராஷ்டிர வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 விதிகளை வகுத்தது. சாவு நடந்தால் எப்.ஐ.ஆர். போட வேண்டும். சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்டவர்கள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். வீரம் ஐயமற நிரூபணமாகும் வரை பதக்கமும் கிடையாது, அவசரப் பதவி உயர்வும் கிடையாது. ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரச் சட்டம் இருந்த மணிப்பூருக்கே முழு விலக்கு இல்லை என்று 2016-ல் அதே நீதிமன்றம் சொன்னது.

கோத்தகிரி கல்லூரி மாணவி: அமெரிக்கா தன் குடிமகனையே கொன்றதாமே?

ஆமாம். 2011 செப்டம்பரில் யேமனில் அல்-காய்தா பிரசாரகர் அன்வர் அல்-அவ்லாகியை ட்ரோன் கொண்டு கொன்றார்கள். அமெரிக்காவில் பிறந்தவர், அங்கே அவர் மீது குற்றப்பத்திரிகைகூட இல்லை. உடனடி ஆபத்து, பிடிக்க வழியில்லை என்று அரசின் சட்டத்துறை எழுதிய ரகசியக் குறிப்புதான் அனுமதி. இரண்டு வாரத்தில் 16 வயது மகனும் இன்னொரு தாக்குதலில் இறந்தான். குற்றம் சாட்டுபவரே தீர்ப்பும் எழுதுவதை நான் சட்டம் என்று ஏற்கமாட்டேன்.

குன்னூர் வாசகர்: கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். பலாத்காரம் செய்தவனைச் சுட்டால் என்ன தப்பு?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘செய்தவன்’ என்று யார் சொன்னது? 2019-ல் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைப் பலாத்காரம் செய்து கொன்றதாகக் கைதான நால்வரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது ஊரே இனிப்பு கொடுத்தது. அதை விசாரித்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம் 2022-ல் என்ன சொன்னது தெரியுமா? கொல்லும் நோக்கத்தோடு சுட்டார்கள். நால்வரில் மூவர் சிறுவர்கள். அந்தப் பெண்ணைக் கொன்றது அவர்கள்தானா என்று இனி எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவளைப் பெற்றவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு இல்லாமல் போயிற்று. இழுத்தடிப்பு கொடுமைதான், அதற்கு நீதிபதிகளை நியமிக்கச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன்.

கொடைக்கானல் வாசகர்: அப்படி ஒரு சாவு நடந்தால் குடும்பம் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு டாக்டர்கள் செய்ய வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும். இதை எழுத்தில் கேளுங்கள். அறிக்கை கையில் வந்ததும் காயங்களைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். தோட்டா நுழைந்த இடத்தில் தோல் கருகியிருந்தால், கரிப்பொடி படிந்திருந்தால், மிக அருகில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். தூரத்திலிருந்து சண்டை நடந்தது என்ற கதை அந்த ஒரு வரியிலேயே ஆட்டம் காணும். விதிகளைப் பின்பற்றவில்லை என்றால் செஷன்ஸ் நீதிபதியிடமே புகார் கொடுக்கலாம். உங்களுக்குத் திண்டுக்கல், நீலகிரிக்காரர்களுக்கு ஊட்டி. கொடுத்த மனுவுக்கெல்லாம் தேதி போட்ட ரசீது வாங்கி வையுங்கள்.