முழங்கால் ஆறட்டும்; படிப்பை உறவினர்கள் முடிவு செய்ய வேண்டாம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பகுதியில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பதினோராம் வகுப்பு படிக்கும் மகள், குதிரையேற்றமும் கால்நடைகளைக் கயிற்றால் பிடிப்பதும் கட்டுவதுமான ரோடியோ விளையாட்டின் உயர்நிலைப் பள்ளிப் பிரிவில், ஆடு கட்டும் போட்டியில் மாநில இறுதிச் சுற்றுக்கான புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, பிப்ரவரி மாதம் ஓடும் குதிரையிலிருந்து இறங்குகையில் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் ஏ.சி.எல். லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். ஜூன் மாதப் போட்டிக்குள் அவள் தேறிவிடுவாளா என்று அப்பா கேட்கிறார். தேறாவிட்டால், சென்னையிலுள்ள பெரியப்பாவும் டாலஸிலுள்ள தாய்மாமாவும் சொல்வதுபோல், ‘நடந்ததும் நன்மைக்கே’ என்று எடுத்துக்கொண்டு அவளைக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் திருப்பிவிடலாமா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. பெற்ற பிள்ளை ஊன்றுகோலுடன் நடப்பதைப் பார்க்கும் எந்தத் தகப்பனுக்கும் தூக்கம் வராது. ஆனால் ஆறுதலை அதோடு நிறுத்திக்கொண்டு நேராகச் சொல்கிறேன்: ஜூன் போட்டியை இன்றே மறந்துவிடுங்கள். ஆடு கட்டும் போட்டியில், பாய்ந்து செல்லும் குதிரை முழுதாக நிற்பதற்கு முன்பே வீராங்கனை தரையில் கால் ஊன்றி ஓடி, கயிற்றில் கட்டியிருக்கும் ஆட்டைப் படுக்க வைத்து அதன் மூன்று கால்களைப் பிணைக்க வேண்டும். அந்தக் கட்டு ஆறு விநாடிகள் அவிழாமல் நிற்க வேண்டும். குதிரையின் வேகம் முழுவதையும் வாங்கிக்கொள்வது தரையைத் தொடும் அந்த முழங்கால்தான். புதிதாகப் பொருத்திய லிகமென்ட் உறுதிப்பட ஒன்பது மாதங்களாவது ஆகும்; அதற்கு முன் களமிறங்கும் இளம் வீரர்களுக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மிக அதிகம். தேசிய இறுதிப் போட்டிக்கு ஒரு மாநிலத்திலிருந்து ஒவ்வொரு பிரிவிலும் நான்கு பேர்தான் போகிறார்கள் என்பதும், டெக்சாஸில் அந்த நான்கு இடங்களுக்கு எவ்வளவு போட்டி என்பதும் உங்களுக்குத் தெரியும். அறுவை சிகிச்சை முடிந்து நான்கே மாதமான முழங்காலை அந்தப் பந்தயத்தில் வைக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பின் சீசன் மீதமிருக்கிறது.

இன்னொன்றையும் அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆடு கட்டும் போட்டி கல்லூரி ரோடியோ வரைதான் உண்டு. தொழில்முறை ரோடியோவில் அந்தப் பிரிவே இல்லை. ஆகவே அதைப் பிழைப்பாக நினைக்க வழியில்லை. அதற்காக அந்த உலகத்தையே விட்டு அவளை வெளியேற்ற வேண்டியதும் இல்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றிப் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் படிப்பில் எனக்குப் பகை இல்லை. மகளின் காயத்தைச் சாக்காக வைத்து, அவள் படுக்கையில் இருக்கும் நேரம் பார்த்து, அவள் ஒரு நாளும் கேட்டிராத படிப்பை அவள் தலையில் கட்டுவதுதான் தவறு.

அவளுடைய அம்மா எனக்கு அனுப்பிய காணொளியை நீங்கள் கவனித்துப் பார்த்தீர்களா? ஊன்றுகோலைக் கொட்டில் கதவில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் குதிரையின் முன்னங்காலில் முழங்காலிலிருந்து கீழ்நோக்கி மெதுவாக இறக்கி, பின்பக்கத்துத் தசைநாரில் ஓரிடத்தில் விரலை நிறுத்துகிறாள். “இங்கே சூடா இருக்கு, நாளைக்கு ஓட்டாதீங்க” என்கிறாள். மறுநாள் வந்த கால்நடை மருத்துவரும் அதே இடத்தில்தான் வீக்கத்தைக் கண்டார் என்று அம்மா எழுதியிருந்தார். பதினேழு வயதுப் பெண்ணின் நாட்டம் எந்தப் பக்கம் என்று அறிய எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆகவே, உங்கள் வீட்டில் யாரும் யோசித்துப் பார்க்காத பெருங்கால்நடை மருத்துவத்தை, அதாவது மாடு, குதிரை போன்றவற்றுக்கான மருத்துவத்தைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

டெக்சாஸில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மட்டுமே கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தது. 2021இல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் அமரிலோ நகரில் இரண்டாவது கல்லூரியைத் தொடங்கியது. சிற்றூர்களிலும் பண்ணைப் பகுதிகளிலும் மாடு, குதிரைகளுக்கு மருத்துவர் கிடைக்காத குறையைப் போக்குவதே அதன் நோக்கம். நாய், பூனை மருத்துவத்தை நாடிப் பலரும் நகரத்துக்குப் போய்விடுவதால், அந்தப் பகுதிகளில் தங்கி வேலை செய்யும் மனம் உள்ள மாணவர்களையே அது தேடுகிறது. தனக்கென்று பெரிய மருத்துவமனை வைத்துக்கொள்ளாமல், இறுதியாண்டு மாணவர்களை வெளியே இயங்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கு அனுப்பிப் பயிற்சி தருகிறது. விடியற்காலையில் கொட்டிலைச் சுத்தம் செய்து, டிரெய்லரில் குதிரையை ஏற்றி ஊர் ஊராகப் போய் வந்த உங்கள் மகளின் அனுபவம், அங்கே விண்ணப்பத்தில் நன்றாக எடுபடும்.

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குப் பிறகுதான் கால்நடை மருத்துவத்தில் சேர முடியும். அந்த இடத்தை அடைய, முதலிலேயே பெரிய பல்கலைக்கழகத்தில் பெரிய கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கிளாரண்டன், வெர்னன், வெதர்ஃபோர்ட் போன்ற டெக்சாஸின் சமுதாயக் கல்லூரிகளுக்கு (குறைந்த கட்டணத்தில் முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைத் தரும் கல்லூரிகள்) ரோடியோ அணிகள் உண்டு. அங்கே படிக்கும் 42 கிரெடிட் அடிப்படைப் பாடத்திட்டத்தை மாநிலத்தின் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டப்படி ஏற்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே முடித்துவிட்டு, பிறகு விலங்கறிவியல் இளநிலைக்கு மாறலாம். கால்நடைக் கல்லூரியில் சேரத் தேவைப்படும் கரிம வேதியியல், உயிர் வேதியியல், மரபியல், இயற்பியல் ஆகிய பாடங்களை எங்கே, எப்போது எடுப்பது என்பதை மட்டும் முதல் பருவத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் தாமதித்தவர்களுக்கு ஓராண்டு வீணாகும். முழங்கால் ஒத்துழைத்தால் கல்லூரி அணியில் ஆடு கட்டலாம். ஒத்துழைக்காவிட்டாலும் படிப்பு நிற்காது. அதனால்தான் இந்த வழியை நான் அழுத்திச் சொல்கிறேன்.

‘மாட்டு டாக்டரா?’ என்று பெரியப்பா கேட்பார். 1903இலிருந்து இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அவர் ஊரிலேயே வேப்பேரியில் இருக்கிறது. அங்கே ஓர் இடத்துக்காகப் பிளஸ் டூவில் உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் எப்படிப் போட்டியிடுகிறார்கள் என்று அவரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ரோடியோ உதவித்தொகை பெரும்பாலும் செலவின் ஒரு பகுதிக்குத்தான் வரும். அதை நம்பி மொத்தக் கணக்கையும் போடாதீர்கள். ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சி மற்றும் ரோடியோ அமைப்பு டெக்சாஸ் மாணவர்களுக்கு வழங்கும் உதவித்தொகைக்குக் களத்தில் வென்றிருக்க வேண்டிய அவசியமில்லை. அதற்கு விண்ணப்பிக்கத் தவறாதீர்கள். இரண்டாவது குதிரைக்கோ புதிய டிரெய்லருக்கோ கடன் வாங்காதீர்கள். டெக்சாஸில் இடம் கிடைக்காவிட்டால், வெளி மாநிலத்திலோ கரீபியன் தீவுகளிலோ உள்ள தனியார் கால்நடைக் கல்லூரியில் முழுக் கட்டணம் கட்டிச் சேர்க்கும் யோசனைக்கு என் பதில் ‘வேண்டாம்’ என்பதே. கால்நடை மருத்துவரின் தொடக்கச் சம்பளம் அந்தக் கடனைத் தாங்காது. அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். பட்டம் பெற்றபின், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களின் கல்விக் கடனில் ஒரு பகுதியை அமெரிக்க வேளாண் துறை அடைக்கும் திட்டமும் இருக்கிறது.

இந்தக் கோடையில் அவளால் குதிரை ஏற முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம், உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலை ஏதாவது தரும்படி அவளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் அவளைக் காரில் கொண்டுபோய் விட்டால் போதும். செய்த வேலையையும் நேரத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வரட்டும். கால்நடைக் கல்லூரி விண்ணப்பத்தில் அந்த மணிக்கணக்கைக் கேட்பார்கள்.