அம்மை குத்திய தழும்பு இருந்தால் குரங்கம்மை வராதா?

கேள்வி: எனக்கு வயது 54. சின்ன வயதில் அம்மை குத்திய (பெரியம்மைத் தடுப்பூசி போட்ட) தழும்பு கையில் இருக்கிறது. அதனால் குரங்கம்மை என்னை அண்டாது என்கிறார் நண்பர். என் மகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறோம். அவளுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டா?

பதில்: முதலில் அந்தத் தழும்பு எதனால் வந்தது என்று பாருங்கள். காசநோய்க்குப் போடும் பிசிஜி ஊசியும் மேல்கையில் தழும்பு விடும். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். பெரியம்மை ஒழிந்ததாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அம்மை குத்துவதும் அந்தக் காலகட்டத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு பிறந்தவர் கையில் இருப்பது அநேகமாக பிசிஜி தழும்புதான். உங்கள் வயதுக்கு எதுவாகவும் இருக்கலாம்.

சரி, அம்மை குத்தியதுதான் என்றே வைத்துக்கொள்வோம். நண்பர் சொல்வது பாதி உண்மை. பெரியம்மை, மாட்டம்மை, குரங்கம்மை வைரஸ்கள் நெருங்கிய உறவு. அவற்றின் புரதங்கள் பலவும் ஒன்றுபோல இருப்பதால், ஒன்றை எதிர்க்கப் பழகிய உடல் மற்றதையும் அடையாளம் கண்டுகொள்ளும். 1796-இல் ஆங்கிலேய மருத்துவர் ஜென்னர் மாட்டம்மைச் சீழை வைத்துப் பெரியம்மையைத் தடுத்தது இப்படித்தான். 1980களில் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில் நடந்த ஆய்வில், அம்மை குத்தியவர்களுக்குக் குரங்கம்மையிலிருந்து சுமார் 85 சதவீதப் பாதுகாப்பு தெரிந்தது. ஆனால் அவர்கள் குத்திக்கொண்டு அதிக ஆண்டுகள் ஆகவில்லை. உங்களுக்கோ அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2022-இல் குரங்கம்மை பல நாடுகளில் பரவியபோது, சிறுவயதில் குத்திக்கொண்ட சிலருக்கும் நோய் வந்தது. வந்தாலும் கடுமை குறையலாம். வரவே வராது என்று இருந்துவிட முடியாது.

மகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சின்னம்மை வைரஸ் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, குரங்கம்மையோடு சம்பந்தமே கிடையாது. உறவில்லாத கிருமிக்கும் ஒரு தடுப்பூசி உதவுமா என்ற ஆசை மருத்துவர்களுக்கும் உண்டு. கொரோனா சமயத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு பிசிஜி போட்டுப் பார்த்தார்கள்; பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை.

இப்போது குரங்கம்மைக்கு எம்விஏ-பிஎன் என்ற புதிய தடுப்பூசி இருக்கிறது. நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. எல்லோருக்கும் தேவையில்லை, நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்கள், பலரோடு உடலுறவு வைத்திருப்பவர்கள், வைரஸைக் கையாளும் ஆய்வகப் பணியாளர்கள் போன்றோருக்குத்தான். தொற்றுள்ளவரைத் தொட நேர்ந்தால் நான்கு நாட்களுக்குள் போடுவது நல்லது. உங்களுக்கு அப்படி நேர்ந்தால், தழும்பு இருக்கிறதே என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.