பாலைவன வழியில் எட்டு நாள்: முதியோரும் குழந்தைகளும் உடன் வரும்போது

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறோம். திருநெல்வேலியிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 10 வயதும் 6 வயதும் ஆகின்றன. ஜூலை மத்தியில் லாஸ் வேகஸில் இறங்கி, வாடகைக் காரில் எட்டு நாளில் டெத் வேலி, சயான், பிரைஸ் கேன்யன், மான்யுமென்ட் வேலி, ஆன்ட்டிலோப் கேன்யன், கிராண்ட் கேன்யன் ஆகிய ஆறு இடங்களையும் பார்க்க எண்ணியிருக்கிறோம். "நம்ம ஊர் வெயிலைப் பார்த்தவங்களுக்கு இது ஒரு வெயிலா" என்கிறார் அப்பா. திட்டம் சரிதானா?

பதில்: ஆறில் இரண்டை விட்டுவிடுங்கள். டெத் வேலியும் மான்யுமென்ட் வேலியும் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். பள்ளி விடுமுறையும் பெற்றோரின் பயணச்சீட்டும் இடம் கொடுத்தால், ஜூலை மத்தியிலிருந்து ஜூன் முதல் பாதிக்குத் தேதியை முன்தள்ளுங்கள். மிச்சமிருக்கும் நான்கு இடங்களும் எட்டு நாளுக்குத் தாராளம்; ஆனால் அவற்றை வரைபடத்திலுள்ள தூரத்தைக் கொண்டு வரிசைப்படுத்தாமல், ஒவ்வோர் இரவும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தங்குகிறீர்கள் என்பதைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும்.

முதலில் அப்பாவின் வாதத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இதுதான் கடைசிவரை விவாதமாக நிற்கிறது. ஜூலை பிற்பகலில் லாஸ் வேகஸ் சராசரியாக 105 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் திருநெல்வேலியின் மே மாதத்தை நெருங்கி வருவதுதான். வேறுபாடு காற்றின் ஈரப்பதத்தில் இருக்கிறது. நம் ஊரில் வியர்வை வழிகிறது, சட்டை நனைகிறது, தாகம் எடுக்கிறது, உடம்பே எச்சரித்துவிடுகிறது. லாஸ் வேகஸ் உள்ள நெவாடாவிலும் கிராண்ட் கேன்யன் உள்ள அரிசோனாவிலும் வியர்வை தோலில் தங்காமல் உடனே ஆவியாகிவிடுவதால், இரண்டு மணி நேரம் வெளியில் நின்ற பிறகும் தோல் உலர்ந்தே இருக்கும். எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பது தெரியாது. தலைவலி, காரணமில்லாத எரிச்சல், சிறுநீர் அடர்மஞ்சளாவது ஆகியவையே பெரும்பாலும் முதலில் தென்படும் அடையாளங்கள். குழந்தைகள் சிடுசிடுப்பதை அடம் என்று எண்ணி அதட்டும் முன் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர் தண்ணீர் காரில் இருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்துதான். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரலாம் என்று கிராண்ட் கேன்யனின் பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் எச்சரிக்கிறார்கள். உப்புள்ள நொறுக்குத்தீனியைத் தண்ணீரோடு சேர்த்து உண்பதே எளிய வழி. ஆனால் உங்கள் அப்பாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பதால், உப்பையும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் எந்த அளவில் எடுக்கலாம், சிறுநீர் அதிகமாகப் பிரியவைக்கும் மாத்திரை உட்கொள்கிறார் என்றால் அதன் அளவை வெயில் நாட்களில் மாற்ற வேண்டுமா என்று அவருடைய மருத்துவரிடமே ஊரிலிருந்து புறப்படும் முன் கேட்டு எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவராயின் அது ஒருபோதும் நிறுத்திய காரில் இருக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைக்கும்போதும் பனிக்கட்டியை நேரே தொடாதபடி துணியில் சுற்றி வையுங்கள்.

இனி உயரத்துக்கு வருகிறேன். கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பான சவுத் ரிம் ஏறக்குறைய 7,000 அடி, கிட்டத்தட்ட நம் கொடைக்கானலின் உயரம். பிரைஸ் கேன்யனின் விளிம்பு 8,000 அடியில் தொடங்கி 9,000 அடியைத் தாண்டுகிறது. இந்த இரண்டு இடங்களிலும் ஜூலைப் பகல் பெரும்பாலும் 80 சொச்சம் டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிற்கும். பிரைஸில் இரவுக்கு ஸ்வெட்டர் தேவைப்படும். மாறாக, சயான் பள்ளத்தாக்கின் தரை ஏறக்குறைய 4,000 அடி, ஆன்ட்டிலோப் கேன்யனை ஒட்டிய பேஜ் நகரம் 4,300 அடி. அங்கே பிற்பகல் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். எனவே தாழ்ந்த இடங்களைக் காலையில் பார்த்துவிட்டு, உயர்ந்த இடங்களில் தூங்குவதே முறை.

நீங்கள் காலையில் லாஸ் வேகஸில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அங்கே இரவு தங்காமல் கிங்மன் வழியாக ஏறக்குறைய 220 மைல் ஓட்டி 6,800 அடியிலுள்ள வில்லியம்ஸ் ஊரில் தங்குங்கள். மறுநாள் ஒரு மணி நேரத்தில் சவுத் ரிம். அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் பேஜ். ஐந்தாம் நாள் காலையில் ஆன்ட்டிலோப் கேன்யனை முடித்துக்கொண்டு, கனாப் வழியாக மாலைக்குள் பிரைஸ். அங்கேயும் இரண்டு இரவு. ஏழாம் நாள் விடியலில் புறப்பட்டு இரண்டு மணி நேரத்தில் சயான், இரவு அதன் வாசலிலுள்ள ஸ்பிரிங்டேல் ஊரில். எட்டாம் நாள் மூன்று மணி நேரத்துக்குள் லாஸ் வேகஸ். ஏழு இரவுகளில் ஐந்து குளிர்ந்த இடங்களில் அமைகின்றன. நாலரை மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டிய நாள் ஒன்றுகூட இல்லை.

டெத் வேலியை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், அதன் பேட்வாட்டர் பகுதி கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே கிடக்கிறது. 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் 134 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவானது. இன்றும் கோடையில் 120 டிகிரி அங்கே சாதாரணம். அந்த வெப்பத்தில் காற்று மெலிந்துவிடுவதால், மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியாத நிலையும் ஏற்படுகிறது. 68 வயதுக்காரரை அழைத்துக்கொண்டு ஜூலையில் அங்கே போவதை நான் சாகசமாகக்கூடக் கருத மாட்டேன். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் ஒரு நீண்ட வார இறுதியில் போய்வாருங்கள்; அப்போது அது மிக அழகான இடம். மான்யுமென்ட் வேலியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. பேஜிலிருந்து போகவர 250 மைல், அங்கே 17 மைல் குண்டும் குழியுமான மண்சாலை. அம்மாவின் முழங்காலையும் ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமையையும் சேர்த்து எண்ணினால் ஒரு நாள் முழுவதையும் அது விழுங்கிவிடும்.

கிராண்ட் கேன்யனில் பலரும் தவறவிடுவது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அங்கே நிறைய இருக்கிறது என்பதை. மார்ச் முதல் நவம்பர் வரை, விளிம்பை ஒட்டி மேற்கே போகும் ஹெர்மிட் சாலைக்குள் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை. இலவசப் பேருந்து ஓடுகிறது. ஆனால் நடக்கச் சிரமப்படுபவர் உடன் இருந்தால், வரவேற்பு மையத்தில் அதற்கான அனுமதி அட்டை கேட்டு வாங்கி உங்கள் காரிலேயே உள்ளே போகலாம். கேட்பவருக்குத்தான் கொடுப்பார்கள், ஆகையால் கூச்சப்படாமல் கேளுங்கள். கிழக்கே டெசர்ட் வியூ சாலை எந்தக் காலத்திலும் காருக்குத் திறந்தே இருக்கும். பேஜ் போகும் வழியும் அதுவே. அதன் கோடியில் கட்டடக் கலைஞர் மேரி கோல்டர் வடிவமைத்து 1932-இல் கட்டப்பட்ட கல் கோபுரம் நிற்கிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு சவுத் ரிம்மிலுள்ள யாவபாய் நிலவியல் காட்சியகத்திலிருந்து கிராண்ட் கேன்யன் கிராமத்தை நோக்கிப் போகும் காலப்பாதையைக் காட்டுங்கள். விளிம்பை ஒட்டிய அந்தத் தளமிட்ட நடைபாதையில் மீட்டருக்கு ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டுகள் பின்னே போகிறோம் என்பது கணக்கு. வழியோரத்தில் அந்தந்தக் காலத்துப் பாறைகளையே பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். கையால் தடவிப் பார்க்கலாம். பள்ளத்தாக்கின் மிகப் பழைய பாறைக்கு வயது 184 கோடி ஆண்டுகள், அதாவது 1,840 மீட்டர் நடை. சிறியவனுக்கோ சிறியவளுக்கோ பூங்காக்களில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஜூனியர் ரேஞ்சர் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டால் பூங்காவுக்குப் பூங்கா பதக்கம் சேர்க்கும் ஆசையில் நச்சரிப்பு பாதியாகக் குறையும்.

அதே விளிம்பில் பெரும்பாலான இடங்களில் கம்பித் தடுப்பு கிடையாது. ஆறு வயதுப் பிள்ளையின் கையை ஒரு பெரியவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். படம் எடுக்கும் வேலையை இன்னொருவர் பார்க்கட்டும். பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கிப் பார்க்க ஆசைப்பட்டால் காலை எட்டு மணிக்குள் சிறிது தூரம் இறங்கித் திரும்பிவிடுங்கள். மலையேற்றத்தில் களைத்தவன் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே களைத்த பிறகுதான் ஏற்றமே தொடங்குகிறது, இறங்க இறங்க வெப்பமும் கூடுகிறது. கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்கின் உட்பகுதியில் நடக்கக் கூடாது என்பது பூங்காவின் அறிவுரை. எதிர்ப்பக்கத்து வடவிளிம்பான நார்த் ரிம்மையும் சேர்க்கலாமா என்று கேட்டுவிடாதீர்கள்: நேர்கோட்டில் 10 மைல் என்றாலும் சாலையில் 200 மைலுக்கு மேல். தவிர, 2025 ஜூலைத் தீயில் அங்கிருந்த விடுதி எரிந்துவிட்டது.

ஆன்ட்டிலோப் கேன்யன் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் நிலம். நவஹோ வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே போக முடியும், முன்பதிவு கட்டாயம். அம்மாவுக்காக மேல் ஆன்ட்டிலோப்பைத் தேர்ந்தெடுங்கள், கீழ் ஆன்ட்டிலோப்பில் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. நேரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனுள்ளே இருக்கும் நவஹோ நாடு என்ற அவர்களுடைய தன்னாட்சிப் பகுதி மாற்றுகிறது, பிரைஸும் சயானும் இருக்கும் யூட்டா மாநிலமும் மாற்றுகிறது. பேஜ் நகரம் அரிசோனா நேரத்தைப் பின்பற்றுகிறது. ஆனால் எந்தக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கிறதோ அதற்கேற்ப உங்கள் கைபேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். பேஜில் இருக்கும்வரை கைபேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்தி, ஃபீனிக்ஸ் நேரத்தைக் கையால் அமைத்துவிடுங்கள். பிரைஸுக்குப் போகும்போது ஒரு மணி நேரம் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜூன் முதல் பாதியை நான் வலியுறுத்தியதற்குக் காரணம் பருவமழை. இந்தப் பகுதியில் ஜூன் மிக வறண்ட மாதம். ஜூலை தொடங்கிச் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியுடன் மழை வரும், பாறை நிலம் தண்ணீரை உறிஞ்சாமல் அப்படியே ஓடைகளுக்குள் தள்ளிவிடும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்ட்டிலோப்பில் 11 பயணிகள் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தொலைவில். தலைக்கு மேல் நீல வானம் இருப்பது அங்கே பாதுகாப்புக்குச் சான்றாகாது. ஆகையால் வழிகாட்டி சுற்றுலாவை ரத்து செய்தால் வாதாடாதீர்கள். சாலையை நீர் கடந்து ஓடினால், ஆழம் ஓரடி என்றாலே பல கார்களை மிதக்க வைத்துவிடும், நின்று காத்திருங்கள். தடுப்பை மீறி வெள்ளத்துக்குள் ஓட்டிச் சிக்கிக்கொள்பவரிடமே மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் சட்டமே இருக்கிறது. புழுதிப் புயல் வந்தால் சாலையை விட்டு முழுவதுமாக ஒதுங்கி, எல்லா விளக்குகளையும் அணைத்து, கை பிரேக்கைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து அதுதான் சாலை என்று நம்பி வந்து மோதுவதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு.

வண்டியை எடுக்கும்போதே மாற்றுச் சக்கரம் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள், பல புதிய கார்களில் அது இருப்பதில்லை. எரிபொருள் பாதிக்கு வந்தால் அடுத்த பெட்ரோல் பங்கிலேயே நிரப்புங்கள். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேஜிலிருந்து பிரைஸுக்குப் போகும்போது காட்டன்வுட் கேன்யன் சாலை குறுக்குவழிபோல் வரைபடத்தில் தெரியும்; அது மண்சாலை, மழை பெய்தால் களிமண்ணில் சக்கரம் புதைந்துவிடும், வாடகை ஒப்பந்தமும் பெரும்பாலும் மண்சாலையை அனுமதிக்காது. நவஹோ நிலத்தில் இரவில் ஓட்டாதீர்கள். குதிரைகளும் மாடுகளும் வேலியின்றி மேய்ந்து சாலைக்கு வந்துவிடும். அரிசோனாவிலும் யூட்டாவிலும் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும். உங்கள் வீட்டிலிருந்தே கொண்டுபோவது மலிவு.

சயானில் ஒரு நாளே போதும். பள்ளத்தாக்குக்குள் இலவசப் பேருந்தில்தான் போக வேண்டும். கடைசி நிறுத்தத்திலிருந்து தொடங்கும் ரிவர்சைடு வாக் தளமிட்ட எளிய பாதை, போகவர 2.2 மைல், அம்மா பாதி தூரம் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். ஆற்றில் சயனோபாக்டீரியா என்ற நச்சுள்ள நுண்ணுயிர் இருப்பதால் பிள்ளைகள் தலையை முக்கவோ தண்ணீரை விழுங்கவோ கூடாது. சைவச் சாப்பாட்டுக்கு இந்தச் சிற்றூர்களை நம்பாதீர்கள். சிறிய ரைஸ் குக்கரும் அரிசியும் பொடியும் டிக்கியில் இருக்கட்டும், பேஜில் உள்ள வால்மார்ட்டில் தயிரும் காய்கறியும் வாங்கிக்கொள்ளலாம்.

கட்டணத்தில் ஒரு புதிய சங்கதி உண்டு. 2026 ஜனவரி 1 முதல் தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். அட்டை இல்லாத வெளிநாட்டவர் 16 வயது நிரம்பியிருந்தால் கிராண்ட் கேன்யன், பிரைஸ், சயான் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். உங்கள் காரில் இரு வகையினரும் இருப்பதால், எந்த அட்டை யாருக்குப் பொருந்தும் என்பதைப் புறப்படும் முன் பூங்கா அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; உங்கள் ஓட்டுநர் உரிமமும் பெற்றோரின் கடவுச்சீட்டும் கையில் இருக்கட்டும். நவஹோ நிலத்தில் இந்த அட்டை செல்லாது. கடைசியாக, பெற்றோருக்கு எடுக்கும் பயண மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய் திடீரென்று தீவிரமானால் செலவை ஏற்பார்களா, ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்ல நேர்ந்தால் அது எந்த வரம்புவரை அடங்கும் என்ற இரண்டு பத்திகளையும் படித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.