வால் நட்சத்திரம் பார்க்க பைனாகுலர் போதும்: சிங்கப்பூர் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

வால் நட்சத்திரம் வருகிறது என்று செய்தி வந்தாலே எல்லோரும் என்னிடம் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். சந்தோஷம்தான். இந்த முறை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன்.

தெம்பனிஸிலிருந்து ஒரு தம்பி: டெலஸ்கோப் வாங்கவா, பைனாகுலர் போதுமா அண்ணே?

பைனாகுலர்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். 10×50 வாங்குங்கள். 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இதில் ஒரே பார்வையில் சுமார் 6 பாகை வானம் தெரியும், முழு நிலவுகள் பன்னிரண்டை வரிசையாக வைக்கிற அகலம். பல டெலஸ்கோப்புகளில் ஒன்றிரண்டு பாகைதான் தெரியும், பழக்கம் இல்லாதவருக்குத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். 7×50உம் நல்லதுதான், ஆனால் நம் ஊர் வெளிச்சத்தில் பின்னணி வானம் அதில் இன்னும் வெளுத்துத் தெரியும். ஜூம் வகை வேண்டாம். 20×80 கனம், முக்காலி இல்லாமல் பிடிக்க முடியாது.

பிடோக்கிலிருந்து ஒரு அக்கா: ஒளி அளவு 5 என்று போட்டிருந்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் அரை மணி நேரம் தேடினேன், ஒன்றுமே தெரியவில்லை. சாயங்காலம் மேற்கே தெரியும் என்றார்களே?

அக்கா, முதல் சிக்கல் இடம். அங்கே கடல் இருப்பது தென்கிழக்கில். மேற்கே திரும்பினால் கட்டடங்களும் விளக்குகளும்தான், அடிவானமே தெரியாது.

இரண்டாவது சிக்கல் அந்த எண். எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம், அது சரி. ஆனால் நட்சத்திரத்துக்கு 5 என்பதும் வால் நட்சத்திரத்துக்கு 5 என்பதும் ஒன்றல்ல. மொத்த ஒளியையும் ஒரு புள்ளியில் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அதைத்தான் போடுகிறார்கள். ஒரு கரண்டி மாவைக் கல் முழுக்க மெல்லிசாக இழுத்துவிட்ட மாதிரி, அந்த ஒளி வானத்தில் பரவிக் கிடக்கிறது. நம் வானம் இரவிலும் வெளுத்தே இருப்பதால் அதற்குள் கரைந்துவிடும். என் கணக்கில் 3 அல்லது அதற்கும் குறைந்த எண் என்றால் சிங்கப்பூரிலேயே நம்பிக்கையோடு தேடலாம். 4, 5 என்றால் நல்ல இடமும் பொறுமையும் வேண்டும். 6 என்றால் ஜோகூரில் மெர்சிங் பக்கம் போய்விடுவதுதான் நல்லது.

மூன்றாவது, பார்க்கும் விதம். படங்களில் பார்க்கிற நீண்ட வாலையும் பச்சை நிறத்தையும் தேடாதீர்கள், அது கேமரா பல நிமிட ஒளியைச் சேர்த்துக் காட்டுவது. கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பஞ்சுத் திட்டு. முதலில் பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை ஊசிமுனையாகத் தெரிகிற வரை ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம் அந்தத் திருகைத் தொடவே கூடாது. பிறகு சந்தேகப்படும் இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்வையை வையுங்கள். மங்கலான ஒளியை நன்றாக உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றித்தான் இருக்கின்றன, அதனால் நேராகப் பார்த்தால் மறைகிற திட்டு ஓரக்கண்ணில் தெரியும். பைனாகுலரை மெல்ல அசைத்தாலும் சட்டென்று பிடிபடும்.

இதற்குப் பயிற்சி எடுக்கலாம். ஜனவரி, பிப்ரவரி மாலைகளில் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். மே, ஜூன் மாதங்களில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து, பூமியின் வடக்கே தூரத்தில் இருக்கிறவர்கள் பலருக்குக் கிடைக்காத காட்சி அது. 18ஆம் நூற்றாண்டில் சார்ல் மெஸ்ஸியே என்ற பிரெஞ்சு வானியலாளர் வால் நட்சத்திரம் தேடும்போது தன்னை ஏமாற்றிய திட்டுகளைத்தான் பட்டியல் போட்டு வைத்தார். அந்தப் பட்டியல்தான் இன்றும் நமக்குப் பயிற்சிப் பாடம்.

சுவா சூ காங்கிலிருந்து: சரியாக எத்தனை மணிக்குப் பார்க்க வேண்டும்?

இதில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது, சீக்கிரம் இருட்டிவிடும். சூரியன் மறைந்து சுமார் 45 நிமிடத்தில் வானம் தேடுகிற அளவுக்கு இருண்டுவிடுகிறது. வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. வால் நட்சத்திரம் சூரியனுக்கு நேர் மேலே 15 பாகையில் இருந்தால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். ஆக உங்களுக்குக் கிடைப்பது கடைசி 15 நிமிடம்! வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குக் கீழே இறங்கினால் ஒன்றும் இருக்காது. உங்கள் பக்கம் மேற்குப் பார்த்த உயர் மாடித் தாழ்வாரம் இருந்தால் அதைவிட நல்ல இடம் தேட வேண்டாம், முழங்கைகளைச் சுவரில் ஊன்றிக்கொள்ளலாம், கை நடுங்காது. விடியற்காலைக்கு சாங்கி கடற்கரை.

ஈசூனிலிருந்து: வானத்தில் அதன் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரிந்த இரண்டு ஒளிகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். 2024 அக்டோபரில் வந்த சுசின்ஷான்-அட்லஸ் என்ற வால் நட்சத்திரம் நல்ல உதாரணம். செப்டம்பர் 27இல் சூரியனை நெருங்கிச் சுற்றி, அக்டோபர் 12இல் நமக்குச் சுமார் 7 கோடி கிலோமீட்டரில் கடந்தது. அந்த வாரம் மேற்கே இடப்பக்கம் வெள்ளி, வலப்பக்கம் சுவாதி நட்சத்திரம், இரண்டுக்கும் நடுவில் அது. இப்படி ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் முந்தைய நாளே பார்த்து வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கையின் முஷ்டி சுமார் 10 பாகை, அதை வைத்து அளக்கலாம். வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த் திசையில்தான் நீளும், அதனால் மாலையில் மேல் நோக்கி இருக்கும்.

ஜூரோங்கிலிருந்து: நேற்று நீளமாக ஒன்று நகர்ந்ததே, அதுதானா?

இல்லை. கண்ணெதிரே நகர்ந்தால் விமானப் புகை. வால் நட்சத்திரம் நட்சத்திரங்களுக்கிடையே இடம் மாறியது தெரிய அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டும்.

செங்காங்கிலிருந்து ஒரு தங்கை: பாட்டி இதைக் கெட்ட சகுனம் என்கிறார், என்ன சொல்வது?

பாட்டியோடு வாதாட வேண்டாம்மா, அவரையும் கூட்டிப் போங்கள். அப்புறம் ஹாலியின் கதையைச் சொல்லுங்கள். 1682இல் வந்த வால் நட்சத்திரம் 1758 வாக்கில் திரும்பும் என்று எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கிலேய வானியலாளர் கணக்குப் போட்டார். அவர் 1742இல் இறந்துவிட்டார், ஆனாலும் 1758 கிறிஸ்துமஸ் இரவில் அது கண்ணில் பட்டது. அடுத்து 2061இல் வரும்.

உட்லண்ட்ஸிலிருந்து: ஏழு வயது மகனிடம் பைனாகுலர் கொடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் சூரியன் முழுதாக மறைந்த பிறகுதான் கையில் கொடுங்கள், விடியற்காலையென்றால் சூரியன் எழும் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு நொடி சூரியனில் பட்டாலும் கண் நிரந்தரமாகப் போய்விடலாம். இதில் விளையாட்டே கிடையாது. கழுத்து வாரை மாட்டிவிடுங்கள், சாய்வு நாற்காலியில் உட்கார வையுங்கள், முதலில் நிலவைக் காட்டுங்கள்.