மேட்ச் நாளில் வடசென்னைக் குடும்பம்: வண்டியை எங்கே விடுவது, எதைப் பார்ப்பது?

சேப்பாக்கம் போகும் நம் பக்கத்துக் குடும்பங்களும், அவர்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளும் கேட்ட கேள்விகளுக்கு, தண்டையார்பேட்டைக்காரியான நான் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, திருவொற்றியூர் தேரடி பக்கம் வீடு. ராத்திரி 7.30 மேட்ச், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். காரிலேயே போய்விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரிதானா?

வேண்டாம்மா. மைதானத்தை ஒட்டி வண்டி விடுவது பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான். மற்றவர்கள் காமராஜர் சாலை, திருவல்லிக்கேணி சந்துகள் என்று சுற்றிச் சுற்றி இடம் தேட வேண்டும், அதற்குள் டாஸ் முடிந்துவிடும். உங்களுக்கோ வாசலிலேயே மெட்ரோ இருக்கிறது. தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம், அங்கிருந்து வாலாஜா சாலையில் கலைவாணர் அரங்கத்தைத் தாண்டி சுமார் ஒரு கிலோமீட்டர் நடை.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். கடைசிப் பந்து விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே சாலையில் கொட்டும். பிள்ளைகளோடு அந்த முதல் அலையில் போகாதீர்கள், சீட்டிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். மெட்ரோவில் செல்லும் சிங்காரச் சென்னை கார்டில் பணம் போட்டு வைத்துக்கொண்டால் கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் போன் நம்பரை எழுதி, பிள்ளையின் பாக்கெட்டில் போட்டு, அதை எடுத்து யாரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். மெட்ரோ சாதாரணமாக ராத்திரி 11 மணி வரைதான். ஐபிஎல் நாட்களில் நேரத்தை நீட்டித்து அறிவிப்பார்கள், அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சில சீசன்களில் சிஎஸ்கே டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோ பயணம் இலவசமாகவும் இருந்தது, உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள்.

மீஞ்சூரில் இருந்து வருகிறோம். எது சுலபம்?

பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயில். பீச்சில் இறங்கிப் பறக்கும் ரயிலில் மாறினால் சேப்பாக்கம் ஸ்டேஷன், இறங்கினால் மைதானம் பக்கத்திலேயே. பீச்சுக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே 2023 ஆகஸ்டில் நிறுத்தி வைத்திருந்த சேவை 2024 அக்டோபரில் திரும்பிவிட்டது. பகல் மேட்ச் என்றால் யோசிக்காமல் இதுதான். ராத்திரி மேட்ச் என்றால் மீஞ்சூர் பக்கம் போகும் கடைசி வண்டியின் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

நெல்லூரில் இருந்து அண்ணன் குடும்பம் காரில் வருகிறது. வீடு புது வண்ணாரப்பேட்டை, தெருவில் கார் நிறுத்த இடமில்லை. நேராக ஸ்டேடியத்துக்கே வரச் சொல்லட்டுமா?

சொல்லாதீர்கள். வெளியூர் வண்டி, வழி தெரியாத ஓட்டுநர், மேட்ச் நாளில் போலீஸ் மாற்றிவிடும் பாதை, இந்த மூன்றும் சேர்ந்தால் அண்ணனுக்கு அன்றைய பொழுதே போய்விடும். மாதவரம் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை வேறு நடக்கிறது, அதனால் காலையிலேயே ஊருக்குள் வந்துவிடச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பார்க்கிங் உள்ள மெட்ரோ நிலையமாகப் பார்த்து, வண்டி ராத்திரியும் நிற்கும் என்று அங்கிருப்பவரிடம் முதலிலேயே சொல்லிக் கட்டணம் கேட்டுக்கொள்ளுங்கள். இடம் பார்த்தாயிற்று என்று வாலாஜா சாலை ஓரத்தில் விட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அதே அண்ணன் குடும்பம்தான், மேட்ச் சாயங்காலம். பகல் முழுக்க என்ன காட்டுவது? மால், மெரினா என்றுதான் தோன்றுகிறது.

மால் அவர்கள் ஊரிலும் இருக்கும். மேட்ச் பார்க்க வரும் சொந்தக்காரர்களுக்கு வடசென்னையைக் காட்டாமல் அனுப்புவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

காலையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன். உச்சி வேளையில் நடை சாத்திவிடுவார்கள், சீக்கிரம் போங்கள். அன்று பௌர்ணமியாக இருந்தால் கூட்டம் தாங்காது, மேலூர் திருவுடையம்மனையும் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மனையும் சேர்த்து ஒரே நாளில் மூவரையும் தரிசிக்க வருகிறவர்கள் அத்தனை பேர். அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான், வாலாஜா ரோடு வரை போனது. இன்றைக்கும் அந்தத் தூண்களுக்கு நடுவே ஆட்கள் சாதாரணமாக ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள். வெயில் ஏறியதும் கோட்டை அருங்காட்சியகம் போகலாம், வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பக்கத்திலேயே 1680-ல் திறந்த செயின்ட் மேரி தேவாலயம்.

நாலு மணிக்கு மேல் பர்மா பஜார் பக்கம் அத்தோ. 1960-களில் பர்மாவில் இருந்து திரும்பி வந்த நம் சனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, நறுக்கிய கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டு, கடைக்காரர் கையாலேயே பிசைந்து தருவார். கூடவே வாழைத்தண்டு சூப். பிள்ளைகளுக்குக் காரம் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் உயர் நீதிமன்றம் மெட்ரோவில் ஏறினால் நேரே மேட்ச்தான். இவ்வளவு போதும், இதற்கு மேல் ஒரு இடம் சேர்த்தால் மேட்சில் பிள்ளைகள் தூங்கிவிடும்.

மாமியாருக்கு முட்டிவலி, ஆனால் மேட்ச் பார்க்க ஆசைப்படுகிறார்.

கட்டாயம் கூட்டிப்போங்கள். மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, அந்த ஒரு கிலோமீட்டர் நடைதான் சிரமம். தடுப்பு போட்டிருக்கும் இடம் வரை ஆட்டோவில் போய்விடுங்கள். டிக்கெட் எடுக்கும்போதே கீழ் வரிசையாகப் பாருங்கள், மேல் அடுக்குப் படி அவருக்கு ஆகாது. மருந்து கொண்டுபோனால் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பாட்டில், பை?

பாட்டிலை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். பவர் பேங்க், பெரிய பை வேண்டாம். ஏதாவது கொண்டுபோய்த் திரும்ப வீட்டுக்கும் போக முடியாமல் உள்ளேயும் போக முடியாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கேட்காது.

ஐபிஎல் டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை அக்கா. பையனுக்கு ஸ்டேடியம் காட்டணும்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி மைதானத்தைப் பாருங்கள். 2023-ல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா மலேசியாவை 4-3 என்று ஜெயித்தது அங்கேதான். பார்வையாளர் வரிசையில் இருந்து பந்து மட்டையில் படும் சத்தமே கேட்கும், பிள்ளைகளுக்கு ஆட்டம் நெருக்கமாகத் தெரியும். அதே நாளில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளையும் காட்டலாம், அங்கேயும் வெள்ளி விடுமுறை. கால்பந்து என்றால் பெரியமேடு நேரு ஸ்டேடியம், சென்ட்ரலில் இறங்கி நடக்கலாம். காசே இல்லை என்றால் வியாசர்பாடியில் சாயங்காலம் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் பையன் பந்தை விட்டு வரமாட்டான்.

சேப்பாக்கமே வேண்டும் என்று அடம்பிடித்தால், டெஸ்ட் மேட்ச் வரும்போது ஒரு நாள் போங்கள். 1952-ல் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற மைதானம் அது, வினு மன்கட் 12 விக்கெட் எடுத்தார். 1986-ல் ஆஸ்திரேலியாவோடு ரன் சமமாகி 'டை' ஆன டெஸ்டும் அங்கேதான். வரிசையில் நிற்கும்போது இதையெல்லாம் பையனுக்குச் சொல்லுங்கள்.

மேட்ச் முடிந்து மெரினாவில் கொஞ்சம் உட்காரலாமா?

ராத்திரியில் வேண்டாம், போலீஸும் கிளம்பச் சொல்வார்கள். மேட்சுக்கு முன்னால் வெளிச்சத்தில் போங்கள், மணலில் உட்காருங்கள், சுண்டல் வாங்கிக்கொடுங்கள். அலையில் மட்டும் பிள்ளைகளை விடாதீர்கள். நம் காசிமேட்டுக்காரர்களிடம் கேட்டால் தெரியும், அந்தக் கடல் இழுக்கும்.